ஊசிதான் கேட்டான்

மதியச் சோறு முடிந்து கதவைப் பூட்டிவிட்டால், மறுபடி திறக்கும்வரை பெண்கள் சிறையில் யாருக்கும் எந்த வேலையும் இல்லை. தூக்கம் வருகிறவர்கள் தூங்குவார்கள். வராதவர்கள் அடுத்தவர் தலையில் பேன் பார்ப்பார்கள், அதுவும் இல்லையென்றால் சண்டை போடுவார்கள். தயாளன் சுவரில் சாய்ந்து, முழங்கால்களை வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். காலை நீட்டினால் அடிவயிறு இழுத்தது. நேற்று மாலை ஆரம்பித்த வலி. நான்கு வருடமாக இல்லாமல் இருந்தது, விற்ற மாடு பழைய கட்டுத்தறியைத் தேடி வந்து நிற்பதுபோல வந்து நின்றுவிட்டது. ஊசி நின்று மாதங்கள் ஆகிவிட்டன, வரத்தான் செய்யும் என்று தெரிந்திருந்தும், உள்ளாடை நனைந்தபோது அவன் முதலில் நினைத்தது எங்கோ அடிபட்டிருக்கிறது என்றுதான். பேபிதான் பார்த்தாள். புருஷனைக் கொன்று ஆயுள் தண்டனை அனுபவிக்கிற பேபி, ஒன்றும் கேட்காமல் போய், தனக்கென்று சொல்லி ஒரு பாக்கெட் நாப்கின் வாங்கி வந்து அவன் துணிப்பைக்கு அடியில் செருகினாள். "வச்சுக்க மாப்ள. யார்ட்டயும் சொல்ல மாட்டேன்" என்றாள். இந்தச் சிறையில் அவனை மாப்பிள்ளை என்று கூப்பிடுகிறவள் அவள் ஒருத்திதான். அதில் கால்வாசி கேலி. முக்கால்வாசி என்ன என்று அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை. இன்று காலை, சோற்றுக்கு முன்னால், பெண் தலைமைக் காவலர் ஜெயக்கொடி கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். "தயா, ஆர்டர் வந்துருச்சு. ஒன்ன ஆம்பளைங்க ஜெயிலுக்கு மாத்தச் சொல்லியிருக்கு கோர்ட்டு. மதியம் கதவு தொறந்ததும் வண்டி வரும், துணிமணிய எடுத்து வச்சுக்க." சொல்லிவிட்டுப் போகாமல் நின்று, குரலைத் தாழ்த்தினார். "இஷ்டமில்லேன்னா இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. சூப்ரண்டு மேடம் கூப்பிட்டுக் கேப்பாங்க. நான் பொம்பளதான், இங்கயே இருந்துக்கிறேன்னு ஒரு வார்த்தை சொல்லிரு. வண்டியத் திருப்பி அனுப்பிரலாம். புரியுதா?" புரிந்தது. ஒரு வார்த்தை. அதைக் கையில் கொடுத்துவிட்டு அவர் போய்விட்டார். கொதிக்கிற பாத்திரத்தைக் கையில் கொடுத்துவிட்டு, வைக்க இடம் காட்டாமல் போகிறவர்கள்போல.

ஊசிதான் கேட்டான். எங்கே ஆரம்பித்தாலும் நினைப்பு அங்கே போய் முட்டிக்கொண்டு நின்றது. வேறொன்றும் கேட்கவில்லை, மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடுகிற அந்த ஆண் ஹார்மோன் ஊசி, அவ்வளவுதான். வந்த மறுவாரமே சிறை மருத்துவரிடம் போய் நின்றான். நல்ல டாக்டரம்மா, அதட்ட மாட்டார், முகத்தைப் பார்த்துப் பேசுவார். "இது ஆம்பளைங்களுக்குப் போடுற மருந்துப்பா. பொம்பள ஜெயிலுக்கு இந்த மருந்து வேணும்னு நான் எழுதினா, யாருக்குன்னு ஆடிட்ல கேப்பாங்க. அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியில இருக்கும், அங்க கேட்டா போடுவாங்க" என்றார். "அந்தப் பக்கம் நான் எப்படிங்க டாக்டர் போறது?" என்று கேட்டான். "அதைத்தான்பா நானும் சொல்றேன்" என்றார். அவர் மேல் தப்பில்லை. யார் மேலும் தப்பில்லை, அதுதான் இதில் பெரிய தொல்லை. கோபப்பட ஒரு ஆள் கிடைத்தால் மனம் கொஞ்சம் இளைப்பாறும். இலவசச் சட்ட உதவியில் வந்த வக்கீல் ஃபர்ஹானாவிடம் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்று கத்திச் சொன்னான், மனு நாளில், வெளியாட்கள் பார்க்க வருகிற நாளில், எல்லோரும் கத்தித்தான் பேச வேண்டும், இவன் ஊசி என்று கத்துகிற நேரத்தில் பக்கத்தில் ஒருத்தி தன் மாமியாரிடம் குழந்தைக்கு மொட்டை போட்டாச்சா என்று கத்திக்கொண்டிருந்தாள். ஃபர்ஹானா சின்னப் பெண். கேஸ் கிடைத்ததற்காகச் சந்தோஷப்படுகிற வயது. "விட மாட்டேன், பாத்துக்கிட்டே இருங்க" என்றாள். போய் எழுதினாள். ஊசி வேண்டும் என்று எழுதினால் மருந்துக்கு வழியில்லை என்று பதில் வரும், ஆகவே இவர் ஆண் என்று எழுதினாள், ஆணுக்கு ஆணுக்கான மருந்து கொடு என்று எழுதினாள், ஆணை ஏன் பெண்கள் சிறையில் வைத்திருக்கிறீர்கள் என்றும் எழுதிவிட்டாள். கோர்ட் அந்தக் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டது. போன மனு நாளில் வந்தவளுக்கு முகமெல்லாம் பல். "ஜெயிச்சுட்டோம் தயாளன்!" "ஊசிங்க?" "ஊசி என்னங்க ஊசி, உங்கள ஆம்பளைன்னே கோர்ட்டு ஏத்துக்கிச்சு." அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் கன்னம் வலிக்கிறது. யாரும் வந்து அவன் வாயை இழுத்து வைக்கவில்லை, அவனேதான் சிரித்தான். தாவணியைக் கிழித்து எருக்குழியில் போட்ட நாளிலிருந்து ஒரே ஒரு விஷயத்தைத்தான் எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறான். அப்பனிடம், பள்ளிக்கூடத்தில், ஆஸ்பத்திரியில் தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்ட டாக்டரிடம், போலீஸ் ஸ்டேஷனில். நான் ஆம்பளை. இத்தனை வருடம் கத்திக் கத்திச் சொன்னதைக் கடைசியில் ஒரு கோர்ட் சரி என்று சொன்ன அன்று, அம்மா தாயே, என்னை ஆம்பளைகளுக்கு நடுவில் மட்டும் அனுப்பிவிடாதே என்று அந்தப் பெண்ணிடம் எந்த வாயால் சொல்வது? அவள் கோபப்பட்டிருக்க மாட்டாள். பாவம் என்று பார்த்திருப்பாள். அந்தப் பார்வைக்குப் பயந்து சிரித்து வைத்தான்.

ஆம்பளைகளுக்கு நடுவில் இருந்து பழகாதவனா அவன்? திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் ஏறி, ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று போர்வெல் போட்டுக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்தவன். ராடு தூக்கினான். கேசிங் பைப் இறக்கினான். வண்டிக்கு அடியில் படுத்தான். பாறையைத் துளைக்கும்போது கிளம்புகிற கல்மாவு ஆளை மூடிவிடும். கண்ணும் வாயும் தவிர உடம்பு முழுக்க வெள்ளை. அந்த வெள்ளைக்குள் யாருக்கும் வயசில்லை, நிறமில்லை, இன்னார் என்பதும் இல்லை. அந்த நேரம் அவனுக்கு ரொம்பப் பிடிக்கும். கம்ப்ரசர் போடுகிற சத்தத்தில் ஒருத்தர் பேசுவது ஒருத்தருக்குக் கேட்காது, எல்லோரும் கையால்தான் பேசிக்கொள்வார்கள். தண்ணீர் பீய்ச்சி அடித்ததும் மற்றவர்கள் ஜட்டியோடு போய் நின்று ஆடுவார்கள். டிரில்லர் பழனியப்பண்ணன் கூப்பிடுவார், "ஏன்டா தயா, புதுப்பொண்ணாட்ட ஒதுங்கி ஒதுங்கிப் போற? வந்து நில்லுடா." அவன் சட்டை பேண்ட்டோடு ஓடிப் போய் நிற்பான். "துணியும் தொவைச்சாப்புல ஆச்சுங்ணா" என்பான். சிரிப்பார்கள். ஒண்ணுக்குப் போக உட்கார்ந்தால் கல்லடைப்பு என்பான், நம்பினார்கள். ராத்திரி வண்டியடியில் பழனியப்பண்ணனின் கால் தூக்கத்தில் இவன் மேல் விழும், ஒரு மரக்கட்டை விழுந்த மாதிரி, தள்ளிவிட்டுத் தூங்குவான். பயமில்லை. ஊசி ஆரம்பிப்பதற்கு முந்தின மாதங்களில், இந்த எழவு வந்தபோது, மிஷின் துடைக்கத் திருப்பூரிலிருந்து மூட்டையாக வருகிற பனியன் வேஸ்ட்டில் சுத்தமானதாகப் பார்த்து எடுத்து ஒளித்து வைப்பான். உபயோகித்ததைக் கிரீஸ் துணியோடு சேர்த்து எரித்துவிடுவான். டீசல் வாடையில் எதுவும் தெரியாது. அப்படி இருந்தவன்தானே, இப்போது என்ன? இப்போது என்ன என்றால், அங்கே யாருக்கும் தெரியாது. அதுதான் வித்தியாசம். அது ஒன்றுதான் வித்தியாசம், ஆனால் அது சின்ன வித்தியாசம் இல்லை. பழனியப்பண்ணனின் கால் ஒரு ஆம்பளை மேல் விழுந்தது. ஆண்கள் சிறைக்கு இவன் போய் இறங்குவதற்குள் இவன் யார் என்பது இவனுக்கு முன்னால் போய் இறங்கியிருக்கும். சோறு போடுகிறவனுக்குத் தெரிந்திருக்கும். முடி வெட்டுகிறவனுக்கும் கக்கூஸ் கழுவுகிறவனுக்கும் தெரிந்திருக்கும். பேப்பரில் வந்ததே. 'ஆண் வேடமிட்டு இளம்பெண்ணைக் கடத்தித் திருமணம்: பெண் கைது.' படம் வேறு போட்டிருந்தார்கள். தாடியோடு இருந்த அவன் முகத்துக்குப் பக்கத்தில், பத்தாம் வகுப்பில் இரட்டை ஜடையோடு எடுத்த படம். அதை அப்பன்தான் எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும். வேறு யாரிடம் இருக்கும்?

கடத்தல். சங்கவியை யாராவது கடத்த முடியுமா? கடத்துகிறவனுக்கு அவள் வழி சொல்வாள், அப்படிப் போகாதே இப்படிப் போ, அங்கே ரோடு சரியில்லை என்பாள். ராசிபுரம் பக்கம் அவள் அப்பா தோட்டத்தில் ரிக் போட்டபோதுதான் அவளைப் பார்த்தான். இரண்டு இடத்தில் போட்டும் புகைதான் வந்தது, தண்ணீர் இல்லை. அந்த மனுஷன் வரப்பில் குத்தவைத்து உட்கார்ந்து மண்ணை வைதார். ஆட்களுக்கு டீ கொண்டு வந்த சங்கவி இவனைப் பார்த்து, "உங்க முகத்தைக் கழுவுனா எப்படி இருப்பீங்க?" என்று கேட்டாள். எல்லோர் முன்னாலும்தான் கேட்டாள். அப்புறம் ஃபோன், அப்புறம் திருவிழா, அப்புறம் சேலம் பஸ் ஸ்டாண்டு. பஸ்ஸுக்குக் கீழே நின்றுகொண்டு அவன் சொல்லிவிட்டான். எப்படியெல்லாமோ சொல்ல வேண்டும் என்று வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், பொறந்தப்ப எனக்கு வேற பேருங்க, பொண்ணுன்னுதான் வளத்தாங்க, இப்பவும் முழுசா ஒண்ணும் மாறல என்று தரையைப் பார்த்துக்கொண்டு கொட்டிவிட்டான். சங்கவி பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள். "அதுக்கு இப்ப என்ன பண்றது? பஸ்ஸு எடுக்கப் போறாங்க, ஏறி சீட்டைப் புடிங்க மொதல்ல" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு முறை, ஒரே ஒரு முறை, இருட்டில் அவன் நெஞ்சை இறுக்கிக் கட்டியிருந்த துணியைத் தொட்டு, "மூச்சு முட்டாதா?" என்று கேட்டாள். முட்டும் என்றான். அவள் தெரிந்து வந்தவள். தெரியாமல் வந்தாள், ஏமாற்றப்பட்டாள் என்பதுதான் கேஸ். பெண்ணாகிய இவர் ஆண் என்று நம்பவைத்து. அந்த வரியை ஃபர்ஹானா படித்துக் காட்டியபோது அதில் ஒரு வார்த்தைகூடத் தன்னைப் பற்றியது இல்லை என்று அவனுக்குத் தோன்றியது. "கவனிங்க, எங்கயும், யார்கிட்டயும், வாய் தவறிக்கூட நான் பொம்பளைன்னு சொல்லிடாதீங்க. சொன்னீங்கன்னா அவங்க கேஸை நீங்களே நடத்திக் குடுத்த மாதிரி" என்றாள். மாஜிஸ்திரேட்டிடம் சங்கவி என்ன சொன்னாள் என்று இதுவரை தெரியாது. நகல் இன்னும் கைக்கு வரவில்லை. அப்பா வீட்டில் பூட்டி வைத்துக்கொண்டு, அம்மா காலில் விழுந்து, மாமன்கள் சுற்றி உட்கார்ந்து, காரில் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தியிருப்பார்கள். எனக்குத் தெரியாதுங்க, ஏமாத்திட்டாங்க என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் தப்பில்லை. அடிக்கு யார்தான் பயப்படாமல் இருப்பார்கள். இல்லை, சொல்லியிருக்க மாட்டாள். சொல்லியிருந்தால்? ஒரு நாளில் பத்துத் தடவை அவளைக் கூண்டில் ஏற்றி நிறுத்திப் பத்துத் தடவை இரண்டு விதமாகவும் பேச வைத்துப் பார்த்துவிடுகிறான். எப்படியானாலும், அவள் ஒருவேளை அங்கே நின்று தெரிஞ்சுதான் போனேன் என்று சொல்லியிருந்து, இங்கே இவன் நான் பொம்பளைதான் என்று சொல்லிவிட்டால், அந்தப் பஸ் ஸ்டாண்டில் நின்ற இரண்டு பேரில் ஒருத்தி மட்டும் மிச்சம். அவள் யாரை ஏறி சீட்டைப் பிடிக்கச் சொன்னாள்?

சொல்லாவிட்டால் வண்டி. வண்டியில் ஏறுவதுவரை நினைக்க முடிகிறது. இறங்குவதை நினைக்க முடியவில்லை. நினைப்பு அந்த இடத்தில் வழுக்கி, மறுபடி ஊசிக்கே போய்விடுகிறது. "என்ன மாப்ள, மொகம் இப்படி வெளிறிக் கெடக்கு?" பேபி தூங்கவில்லை, சேலையால் முகத்தை மூடிக்கொண்டு படுத்திருந்தவள், சேலைக்குள்ளிருந்தே பேசினாள். "போறியா இருக்கியா?" "தெரியலக்கா." "எங்கண்ணன் அங்கதான் மூணு வருசம் கெடந்தான். ஒருத்தனுக்குப் படுக்க ஒரு மொழம் எடம். இந்தப் பக்கம் திரும்புனா ஒருத்தன் மூஞ்சி, அந்தப் பக்கம் திரும்புனா ஒருத்தன் குண்டி." "தனி ரூம்ல வைப்பாங்களாம்." "தனி ரூமா? அது அதுக்கும் மேல. விடிஞ்சாலும் பூட்டு, அடைஞ்சாலும் பூட்டு. பேச ஆளு இருக்காது. ராத்திரி வார்டன் ஒருத்தன் வந்து கம்பில தட்டி, முழிச்சிருக்கியாம்மா தூங்கிட்டியாம்மான்னு கேப்பான். நீ என்ன சொல்லுவ?" பேபி சேலையை விலக்கி எழுந்து உட்கார்ந்தாள். "நான் பயமுறுத்தல. இரு இங்கயே. சொல்லு ஒரு வார்த்தை. சொன்னா என்ன, நாக்கு அழுகிப் போவுமா? கோர்ட்டுல நான் கொல்லவே இல்லன்னு எத்தன வாட்டி சொன்னேன் தெரியுமா? எம் வாயாலதான் சொன்னேன். வாய் அப்படியேதான இருக்கு." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பக்கத்தில் படுத்திருந்தவள் தூக்கத்தில் சள்ளென்று விழுந்தாள். இங்கே இருந்துவிடலாம். இங்கே அடி இல்லை. வந்த புதிதில் குளிக்கிற இடத்துக்கு இவன் போனபோது பெண்கள் அலறி ஓடினார்கள், ஒருத்தி சொம்பை எறிந்தாள், எங்களோட ஒரு ஆம்பளையப் போட்டிருக்காங்க என்று சாப்பிடாமல் உட்கார்ந்தார்கள். ஜெயக்கொடி வந்து அவர்களை ஓரமாகக் கூட்டிப் போய் விளக்கிச் சொன்னார். மறுநாளிலிருந்து யாரும் ஓடவில்லை. அவன் எதிரிலேயே ரவிக்கை மாற்றினார்கள், முதுகு தேய்த்துவிடச் சொன்னார்கள். அவர்கள் அலறியதே தேவலை என்று அவன் அன்று நினைத்தான். அலறியவர்கள் அவனைப் பார்த்தார்கள். இப்போது யாரும் பார்ப்பதில்லை. இங்கே இருந்தால் தாடி கொஞ்சம் கொஞ்சமாக மெலியும், வலி மாதா மாதம் வரும், அடுத்த மாதம் பேபி தன் பெயரில் வாங்கித் தர வேண்டியிருக்காது, இவன் பெயருக்கே கொடுப்பார்கள், கேஸ் முடிந்து வெளியே போகும்போது ரெக்கார்டில் இருக்கிற தயாமணிதான் போவாள். உயிர் இருக்கும். உயிர் இருப்பது சின்ன விஷயமா? அங்கே போனால் அதற்கு உத்தரவாதம் உண்டா? பேபி சொன்ன அந்த வார்டனுக்கு முகமில்லை, ஆனால் குரல் இருந்தது. தூங்கிட்டியாம்மா. ம்மா என்று கூப்பிடுகிறவனிடம் ஆம்பளை என்று சொல்லி என்ன? அடிப்பான். சொல்லாவிட்டால்? அதைவிட மோசமாக ஏதாவது. ஆக, அங்கே போய் ஆம்பளை என்று சொன்னால் அடி, இங்கே பொம்பளை என்று சொல்லாவிட்டால் சாவு, இரண்டுமே பூட்டிய வீடு. அவனுக்கு இடுப்பிலிருந்து தொடைவரை வலி சூடாக இறங்கியது. இந்த உடம்பும் சாட்சி சொல்ல இந்த நாளைத்தான் பார்த்து வைத்திருந்ததா? ஒரு மாதம் முன்னால் வந்து தொலைத்திருக்கலாம். ஒரு வாரம் பின்னால் வந்திருக்கலாம். போலீஸ், அப்பன், சங்கவியின் மாமன்கள், எல்லோருடைய கேள்விக்கும் நின்று பதில் சொல்லிவிட்டான், உள்ளேயிருந்து வருகிற இதற்கு என்ன பதில் சொல்வது? பொய் சொல்வது அவனா, இதுவா? இல்லை, இது பொய் சொல்லவில்லை. இது வருகிறது, அவ்வளவுதான். தண்ணீர் வருகிற மாதிரி, வராத மாதிரி. பூமிக்குள் என்ன இருக்கிறது என்பதற்கும் மேலே நிற்கிறவன் யார் என்பதற்கும் என்ன சம்பந்தம்? இப்படி நினைத்ததும் கொஞ்சம் தெளிவு வந்ததுபோல இருந்தது. ஆனால் மேடம் முன்னால் நின்று பூமி, தண்ணீர் என்றெல்லாம் பேச முடியாது. அங்கே இரண்டு பதில்தான் உண்டு.

சாவிக்கொத்து சத்தம் கேட்டது. ஒவ்வொரு கதவாகத் திறந்துகொண்டு வந்தார்கள். இவர்கள் கதவுக்கு ஜெயக்கொடியே வந்தார். "தயா, மேடம் கூப்பிடுறாங்க, பையோட வா." பேபி எழுந்திருக்கவில்லை. "சொல்லிரு மாப்ள" என்றாள், இவன் பக்கம் பார்க்காமல். எதைச் சொல்லச் சொல்கிறாள் என்று அவனுக்குத் தெரியும். வராந்தாவில் வெயில் கட்டம் கட்டமாக விழுந்திருந்தது. நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் உள்ளே நனைவது தெரிந்தது. கண்காணிப்பாளர் அறையில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. சுவரோரமாக, கூட்டிப் போக வந்த ஆயுதப்படைக்காரர் ஒருவர் நின்றிருந்தார். நடுத்தர வயசு, தொப்பி கையில். மேடம் நிமிர்ந்து பார்த்தார். "இங்க பாரும்மா, கோர்ட்டு உத்தரவு இருக்கு, அனுப்பித்தான் ஆகணும். ஆனா உன்னைக் கேக்காம அனுப்பி, நாளைக்கு அங்க ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா எங்க தலையிலதான் விடியும். உனக்கு விருப்பமில்லைன்னா நான் கோர்ட்டுக்கு எழுதிக்கிறேன். என்ன எழுதறதுன்னு நீ சொல்லு. ஆம்பளையா, பொம்பளையா?" ஜெயக்கொடி அவனுக்குப் பின்னால் நின்று லேசாக இருமினார். அவன் பஸ் ஸ்டாண்டை நினைக்கவில்லை, ரிக் வண்டியை நினைக்கவில்லை. மதியம் முழுக்க நினைத்த எதுவும் அந்த நேரத்துக்கு வரவில்லை. மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு முருகன் படம் இருந்தது, அதைப் பார்த்தான். "ஆம்பளதான் மேடம்" என்றான். "யோசிச்சுத்தான் சொல்றியா?" "யோசிச்சுட்டேன் மேடம்." மேடம் எழுதினார். எழுதிக்கொண்டே, எல்லாக் கைதிகளிடமும் கேட்கிற வழக்கத்தில், "வேற ஏதாவது சொல்லணுமா?" என்றார். இந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்வதில்லை, இல்லை மேடம் என்பதுதான் பதில். "நாப்கின் வேணும் மேடம். ரெண்டு பாக்கெட்டு. அங்க கெடைக்காது."

பேனா நின்றது. ஆயுதப்படைக்காரர் சுவரில் தொங்கிய காலண்டரைப் படிக்க ஆரம்பித்தார். "இப்பத்தானே ஆம்பளைன்னு சொன்னே?" "ஆமாங்க மேடம்." "அப்புறம்?" "ஆம்பளதான் மேடம். இதுவும் வருது." மேடம் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபமோ இரக்கமோ இருந்ததாகச் சொல்ல முடியாது. கணக்குச் சரியாக வராதபோது பார்க்கிற பார்வைதான் அது. "இத நான் என்னன்னு எழுதறது?" என்று ஜெயக்கொடியைக் கேட்டார். பிறகு அவரே பேனாவை மூடி வைத்தார். "சரி, குடுத்தனுப்புங்க. எதுலயும் ஏத்த வேண்டாம்." ஜெயக்கொடி போய் எடுத்து வந்து, சுற்றிக் கொடுக்கச் செய்தித்தாள் தேடி, கிடைக்காமல், அப்படியே கொடுத்தார். அவன் அதைப் பைக்குள் வைக்கவில்லை. பை முடிச்சுப் போட்டிருந்தது, கையிலேயே பிடித்துக்கொண்டான். வாசலுக்கு நடந்தார்கள். சிறை வாசலில் இரண்டு கதவு, உள்ளேயிருப்பதைப் பூட்டிய பிறகுதான் வெளியேயிருப்பதைத் திறப்பார்கள். உள்கதவு அவனுக்குப் பின்னால் சாத்தப்பட்டது. வெளியே போகிற ஆளைத் தடவிப் பார்த்துத்தான் விட வேண்டும். ஜெயக்கொடி பழக்கத்தில் அவன் தோளை நோக்கிக் கையைக் கொண்டு வந்தார். கொண்டு வந்த கை பாதியில் நின்று, கீழே இறங்கியது. "சார், நீங்க பாத்துருங்க. இப்ப இவன நான் தொடக் கூடாது." இவன் என்று அவர் வாயில் வந்தது அதுதான் முதல் தடவை. அவன் திரும்பிப் பார்த்தான். ஜெயக்கொடி பார்க்கவில்லை. ஆயுதப்படைக்காரர் ஒரு அடி பின்னால் போனார். "எனக்கெதுக்கும்மா வம்பு? கையில என்னத்த வச்சிக்கிட்டு நிக்குதுன்னு பாத்தீங்கல்ல? நாளைக்கு எம்மேல ஒரு கேஸைப் போட்டா எம் பென்ஷன் போயிரும். நீங்களே பாத்து விடுங்க." "ஆம்பளைன்னு மேடம் எழுதிட்டாங்க சார். ஆம்பளைய நான் எப்படித் தொடுறது?" "எழுதினவங்களையே வந்து பாக்கச் சொல்லுங்க." வாயிற்காப்பாளர் நடுவில் புகுந்து, இருங்க இருங்க, கேட்டுச் சொல்றேன் என்று மேடம் அறைக்கு ஃபோன் போட்டார். லைன் கிடைக்கவில்லை. மறுபடி போட்டார். தயாளன் பாக்கெட்டுகளைத் தரையில் வைத்தான். பையை அதற்குப் பக்கத்தில் வைத்தான். சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டினான், பேண்ட் பைகளை இழுத்து விட்டான், அவை இரண்டு பக்கமும் நாக்குப்போலத் தொங்கின. செருப்பைக் கழற்றித் திருப்பி வைத்தான். பிறகு கால்களை அகட்டி, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் தூக்கி நின்றான். "யாராவது ஒருத்தர் பாருங்க" என்றான். தோள் வலிக்க ஆரம்பித்தது. மூன்று பேரும் ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.